ஒன்றரை ஏக்கர் புல்வெளிக்கு எந்த மோவர் (புல் வெட்டும் மெஷின்) வாங்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். வட கரோலினாவில் ராலே பக்கம் வீடு மாறியிருக்கிறோம். சுற்றிலும் ஒன்றரை ஏக்கர் புல். தள்ளும் மெஷினில் வெட்டினால் சனி, ஞாயிறு இரண்டும் போய்விடுகிறது. பின்பக்கம் ஓடை வரை நல்ல சரிவு. மழை பெய்த மறுநாள் ஷூவே வழுக்கும்.

உட்கார்ந்து ஓட்டும் மோவர் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஜீரோ டர்ன் வண்டி (நின்ற இடத்திலேயே சுழலும் வகை) மரங்களைச் சுற்றி அழகாகத் திரும்புகிறது, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் ஈரச் சரிவில் சறுக்கினால்? ஸ்டியரிங் வைத்த டிராக்டர் வகைதான் எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. சரிவில் ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்களேன்.

அப்புறம் இன்னொன்று. வேலிக் கதவின் அகலம் 48 இஞ்ச். 42 இஞ்ச் டெக் (பிளேடுகள் சுழலும் அடிப்பகுதி) உள்ள வண்டி வாங்கினாலும், புல்லை வெளியே தள்ளும் பக்க மூடி நீட்டிக்கொண்டிருக்குமே, அதைத் தூக்கிவிட்டால் நுழையுமா? பட்ஜெட் 3,000 டாலர்.