கோய்னா நிலநடுக்கம்: பழி அணை மேலயா?

மாட்டுங்கா மாமா:
1967 டிசம்பர் 11, விடியறதுக்கு முன்னாடி எங்க கட்டில் ஆடிச்சு. எனக்கு அப்போ ஒன்பது வயசு. மகாராஷ்டிராவில கோய்னா அணைப் பக்கம் 6.3 ரிக்டர், அங்கே நூத்துக்கும் மேல உயிர் போச்சு. அன்னிலேர்ந்து 'அணையால வந்தது'ங்கிற பேச்சு. நூறு மீட்டர் தண்ணியோட எடை, கிலோமீட்டர் கணக்கா இறங்குற பாறையை அசைக்குமா? எறும்பு ஏறித் தேர் சாய்ஞ்ச கதையா இருக்கு!

செம்பூர் கல்லுக்காரன்:
எடையை விடுங்க மாமா. வெந்நீர்ல கழுவின டம்ளரை ஈர மேடையில கவிழ்த்தா தானா நகரும், பார்த்திருப்பீங்க. உள்ளே சூடான காத்து விரிஞ்சு டம்ளரைத் தாங்குது. எடை அப்படியேதான் இருக்கு, மேடையை அழுத்துறதுதான் குறையுது. அதோட உராய்வும் குறையும். பாறைப் பிளவுக்குள்ள தண்ணி அழுத்தம் ஏறினாலும் இதேதான். 1959இலயே அமெரிக்கப் புவியியல் ஆய்வாளர்கள் ஹப்பர்ட்டும் ரூபியும் எழுதிட்டாங்க.

முலுண்ட் தம்பி:
அதாவது கீலுக்கு எண்ணெய் விடுற மாதிரி?

செம்பூர் கல்லுக்காரன்:
அதுதான் இல்லை! எண்ணெய் பரப்பை வழவழப்பாக்கும். இங்கே பாறை அதே சொரசொரப்போட இருந்தாலும் நழுவும்.

மாட்டுங்கா மாமா:
கணக்குக்கு வா. 5 கி.மீ. ஆழத்தில மேல்பாறையோட அழுத்தம் சுமார் 1300 வளிமண்டலம். நூறு மீட்டர் தண்ணி தர்றது பத்து. இந்தப் பத்து என்ன கிழிக்கும்?

செம்பூர் கல்லுக்காரன்:
நழுவக் காத்திருக்கிற பிளவுக்குப் பத்தே ஜாஸ்தி. அமெரிக்காவில டென்வர் பக்கம் 1962லேர்ந்து ஆழ்கிணத்துல ரசாயனக் கழிவுநீரை இறக்கினாங்க, நிலம் அதிர ஆரம்பிச்சுது. 1966இல நிறுத்தியும் பெரிய அதிர்வுகள் 1967இலதான் வந்துச்சு. அழுத்தம் மெதுவா பரவும், அதான். அப்புறம் ரேஞ்ச்லி எண்ணெய் வயல்ல வேணும்னே அழுத்தத்தை ஏத்தி இறக்கிப் பார்த்தாங்க. ஏத்தினா அதிர்வு, இறக்கினா அடங்கிடுச்சு.

மாட்டுங்கா மாமா:
பக்ரா அணை இதைவிட ரெண்டு மடங்கு உயரம்ப்பா. அங்கே ஏன் கோய்னா மாதிரி ஆகலை?

செம்பூர் கல்லுக்காரன்:
பிளவு நழுவக் காத்திருக்கிற நிலையில இருக்கணும், தண்ணி இறங்க வழியும் வேணும். ரெண்டும் எல்லா இடத்திலும் சேராது. ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன்: அந்த சக்தி பாறைக்குள்ள சேர்ந்து கிடந்தது, அணை கொடுத்ததில்லை.

மாட்டுங்கா மாமா:
அப்போ 'காரணம்'னு எழுதாதே. 'கிளப்பிவிட்டது'ன்னு எழுது.

முலுண்ட் தம்பி:
டம்ளர் வச்சுப் பார்த்தேன், நகரவே இல்லை அண்ணா.

செம்பூர் கல்லுக்காரன்:
மேடை காஞ்சிருக்கும். விளிம்புல ஈரம் இல்லேன்னா காத்து கசிஞ்சுடும்டா.