ஆக்சஸ் பாயின்ட்: அலைமடையா, அலைத்துறையா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு மதுரையிலிருந்து வணக்கம்.

கம்பியில் வரும் இணையத்தை வைஃபை அலையாக விடும் ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போன வாரம் 'அலைமடை' என்று நான் முன்வைத்த சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதில் வேறொன்று வைத்திருக்கிறேன். "ரூட்டர் என்று சொன்னால் போதாதா, இதற்குத் தனிச்சொல் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

திருமங்கலத்தில் என் அக்கா வீடு. கீழ்வீட்டில் வைஃபை நன்றாகக் கிடைக்கும். நடுவில் காங்கிரீட் தளம் என்பதால் மாடியில் ஒரு கோடுகூட நிற்காது. மாமா கடைக்குப் போய், "மாடிக்கும் ஒரு ரூட்டர் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரரும் கேட்டதைக் கொடுத்துவிட்டார். கீழே இருந்து ஒரு கேபிளை இழுத்துப் புதுப் பெட்டியின் நீல நிறத் துளையில் செருகினார்கள். மாடியில் இணையம் வந்துவிட்டது. ஆனால் மாடி மடிக்கணினியின் கண்ணுக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் மட்டும் தெரியவே இல்லை. அக்கா பையன் பிரிண்டரை மூன்று முறை அழித்து மறுபடி நிறுவிப் பார்த்திருக்கிறான்.

நான் போய்ப் பார்த்தேன். கீழ்ப்பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது, மேல்பெட்டி 192.168.0 என்று தொடங்குபவற்றைக் கொடுக்கிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு தனி வலையமைப்புகள். நீலத் துளை வெளியுலகத்துக்கானது. அதில் செருகினால் மேல்பெட்டி தன்னையும் ஒரு ரூட்டராக நினைத்துக்கொண்டு கீழ்வீட்டை அயலூராக நடத்தும். கேபிளைப் பிடுங்கி, பக்கத்தில் இருந்த மஞ்சள் துளைக்கு மாற்றினேன். முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையை மேல்பெட்டியில் நிறுத்தினேன். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று வைத்தேன். அவ்வளவுதான், பிரிண்டர் வந்துவிட்டது.

அதாவது மாமாவுக்குத் தேவைப்பட்டது இன்னொரு ரூட்டர் அல்ல, ஆக்சஸ் பாயின்ட். நாம் வீட்டில் ரூட்டர் என்று சொல்லும் பெட்டி ஒன்று, அது பார்க்கும் வேலைகள் பல. இரண்டு வலையமைப்புகளுக்கு நடுவே நின்று தரவுப் பொட்டலங்களை வழியனுப்புவது ரூட்டர் வேலை. 'திசைவி' அதற்குப் பொருத்தமான சொல். மஞ்சள் துளைகளில் செருகிய கருவிகளை ஒன்றோடொன்று பேசவைப்பது சுவிட்ச் வேலை. கம்பியில் வந்ததைக் காற்றில் அலையாக விட்டு, காற்றில் வருவதை வாங்கிக் கம்பியில் சேர்ப்பது ஆக்சஸ் பாயின்ட் வேலை. பல வீடுகளில், இணைய நிறுவனத்தின் கம்பியோடு பேசும் மோடமும் இதே பெட்டிக்குள்தான். பெட்டிக்குப் பெயர் வைத்துவிட்டு வேலைகளைப் பெயரில்லாமல் விட்டதால்தான் மாமா தவறான பொருளைக் கேட்டார். நாம் வேலைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்பதே என் கட்சி.

சரி, சொல்லுக்கு வருவோம்.

'அணுகுபுள்ளி' புழக்கத்தில் உண்டு. ஆனால் அது வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தது. சுவரில் மாட்டிய வெள்ளைத் தட்டைப் பார்த்து யாருக்கும் புள்ளி என்று தோன்றாது. 'அலைவாயில்' என்றார் ஒருவர். கேட்க அழகு. ஆனால் ஒரு வலையமைப்பிலிருந்து வெளியே போகும் வழியான கேட்வேக்கு நுழைவாயில் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அது முழுக்க வேறு சங்கதி. போதாததற்கு அலைவாய் என்பது திருச்செந்தூரின் பழைய பெயர்.

அலைமடை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், எங்கள் பக்கத்துக் கண்மாய்கள். கண்மாய்த் தண்ணீர் மடை வழியாக வயலுக்குத் திறக்கிறது, கம்பிவழி வந்தது இங்கே காற்றுக்குத் திறக்கிறது. ஒரே அலைத் தடத்தில் (சேனலில்) இருக்கும் போன்களெல்லாம் முறைவைத்துத்தான் பேச முடியும் என்பதும் முறைப்பாசனத்தோடு ஒத்துப்போனது. ஆனால் மேலூர் நண்பரின் மறுப்பு சரியானது. அவர் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர். "மடையில் தண்ணீர் போகும், திரும்பாது. என் போன் படம் அனுப்புகிறதே, அது எந்த வழியில் போகிறது?" என்று கேட்டார். அதைவிடக் கனமாக இன்னொன்றும் சொன்னார்: மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்பாய்ச்சியின் கையில் இருக்கிறது, வயலுக்கு அதில் பேச்சில்லை. வைஃபையிலோ எந்த ஆக்சஸ் பாயின்ட்டோடு சேர்வது, எப்போது அடுத்ததற்கு மாறுவது என்பதைப் பெரும்பாலும் போன்தான் தீர்மானிக்கிறது.

அந்த இரண்டாவது மறுப்பை யோசித்துக்கொண்டே போனபோதுதான் பேச்சியம்மன் படித்துறை என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. வைகையில் தண்ணீர் வராத மாதங்களிலும் அந்தப் பெயர் தெருவில் நிற்கிறது. துறை! இறங்கவும் ஏறவும் ஒரே இடம். ஆற்றோரம் பல துறைகள் இருக்கும், எதில் இறங்குவது என்பது குளிக்கப் போகிறவர் விருப்பம். ஆகவே ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 'அலைத்துறை' என்று முன்மொழிகிறேன்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதிலிருந்து பிள்ளைச் சொற்கள் பிறக்கின்றனவா என்று பார்ப்பேன். போனில் பட்டியலாக வரும் வைஃபை பெயருக்குத் 'துறைப்பெயர்' என்று வைக்கலாம். கீழும் மேலும் ஒரே துறைப்பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்தால், படியேறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். இந்தப் பெயருக்கு 32 பைட்தான் இடம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், உயிர்மெய்யின் கொம்பும் காலும்கூடத் தனிக் கணக்கு. 'மதுரை' 15 பைட்டில் அடங்கிவிடும். 'மீனாட்சி இல்லம்' 43 ஆகிவிடுவதால் ஏற்காது. தமிழில் பெயர் வைக்க முயன்று பெட்டி மறுத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், பெயரைச் சுருக்கிப் பாருங்கள்.

துறை என்றால் அரசுத் துறை நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். துறைமுகத்தில் வருவதில்லை, அலைத்துறையிலும் வராது என்றே நம்புகிறேன். போன் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ரோமிங்கை மட்டும் 'துறைமாற்றம்' என்று எழுத முடியவில்லை, அது பணிமாறுதல் உத்தரவு போலத் தொனிக்கிறது. 'துறை தாவல்' சரியாக வருமா என்று பாருங்கள்.

ரிப்பீட்டரை இதோடு சேர்க்க வேண்டாம். அது கம்பியில்லாமல், வாங்கிய அலையையே மறுபடி விடுவது. ஒரே தடத்தில் வாங்கிக் கொடுப்பதால் வேகம் பாதியாகக்கூடக் குறையும். அதற்கு 'மறுகால்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கண்மாய் நிறைந்து வழிந்து வெளியேறும் நீர்தான் மறுகால், ரிப்பீட்டரில் எதுவும் நிறைந்து வழிவதில்லை. வேறு சொல் இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள்.

அன்புடன்.