வீட்டுக்குள் காரிடார் தேவையா, இடத்துக்குக் கேடா?

புதுமனை:
900 சதுர அடி வீடு, மூன்று படுக்கையறை. வரைபடத்தில் 22 அடி நீளம், 3 அடி அகலத்தில் எல் வடிவக் காரிடார் இருக்கிறது. 66 சதுர அடி வெறுமனே நடப்பதற்கு! அதை எடுத்துவிட்டு அறைக் கதவுகளை நேரே ஹாலில் திறக்கலாமா?

வெளிச்சம்:
தாராளமாக எடுங்கள். இரண்டு பக்கமும் அறை வந்தால் நடுவில் ஜன்னலுக்கு வழியில்லை, பட்டப்பகலிலும் விளக்கு எரியும். காரிடார் வந்த கதையையும் பாருங்கள். 1650-களில் இங்கிலாந்தில் ரோஜர் பிராட் கட்டிய கோல்ஸ்ஹில் மாளிகையில் வீட்டின் நீளம் முழுக்க ஒரு நடை ஓடியது. வேலைக்காரர்கள் எஜமானர் கண்ணில் படாமல் போய்வருவதற்காக வைத்தது. இன்று யாருக்கு அது வேண்டும்?

தச்சுக்கை:
அந்தக் காரணம் போய்விட்டது, சரி. ஆனால் நடை இல்லாத பழைய மாளிகைகளில் ஒரு அறைக்குள் நுழைந்துதான் அடுத்த அறைக்குப் போனார்கள். தூங்குகிறவரைத் தாண்டி நடக்க யாருக்குப் பிடிக்கும்? ஹாலில் நான்கு கதவு திறந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்றடி வழி விட வேண்டும். சோபாவைச் சுவரோரம் போட முடியாது. மிச்சம் என்று நினைத்த 66 சதுர அடி ஹாலுக்குள்ளேயே நடைபாதையாகப் போய்விடும். பிள்ளை படிக்கும் அறைக் கதவுக்கு நேரே டிவி ஓடும் என்பதையும் யோசியுங்கள்.

வெளிச்சம்:
கதவுகளை ஒரே மூலையில் சேர்த்து வைத்தால் அந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும், நண்பரே.

துணைக்கை:
நீங்கள் இருவரும் அகலத்தைப் பேசவே இல்லை. எங்கள் வீட்டிலும் இதே 3 அடி எல் காரிடார்தான். ஒரு இரவு அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் திருப்பத்தில் திரும்பவில்லை. கடைசியில் போர்வையில் வைத்து நான்கு பேர் தூக்கினோம். அப்பா பிழைத்துவிட்டார். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 3 அடி உள்ள திருப்பத்தில், 2 அடி அகலமான பொருள் கிடைமட்டமாகச் சுமார் நாலரை அடி நீளம் வரைதான் திரும்பும். ஸ்ட்ரெச்சர் ஆறரை அடி. மூன்றரை அடிக்கு அகலப்படுத்தினாலும் போதாது, நீளம் ஆறடியைத் தொடாது. 4 அடி ஆக்கினால் ஏழடிக்கு மேல் போகும். சக்கர நாற்காலி ஒரே இடத்தில் சுற்றித் திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். முதுமை எல்லோருக்கும் வரும், சுவரை அன்றைக்கு நகர்த்த முடியாது.

வெளிச்சம்:
கணக்கு சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது என் கட்சிக்குத்தானே பலம்? 4 அடி என்றால் 88 சதுர அடி போகும். கதவு நேரே ஹாலில் திறந்தால் திருப்பமே இல்லை.

தச்சுக்கை:
நீளத்தைக் குறையுங்கள். கதவுகளை நெருக்கி வைத்தால் 10 அடி நீளம், 4 அடி அகலம், திருப்பமில்லாத நேர் நடை போதும். 40 சதுர அடிதான். கோடியில் வெளிச்சுவர் வரட்டும், அங்கே ஜன்னல். கதவுகள் அறைக்குள் திறக்கட்டும், கதவுக்கு மேலே வெளிச்சம் வரக் கண்ணாடி பதியுங்கள். ஒரே விளக்கை எந்த முனையிலிருந்தும் போட்டு அணைக்க, இரண்டு முனையிலும் டூ-வே ஸ்விட்ச் கட்டாயம்.

வெளிச்சம்:
கோடியில் ஜன்னல் வந்தால் என் குறை பாதி போய்விடும். ஆனாலும் பகலில் எல்லோரும் புழங்கும் ஹாலுக்குத்தான் அந்த 40 சதுர அடியையும் கொடுப்பேன்.

புதுமனை:
22 அடி எல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தச்சுக்கை சொன்னபடி இன்னொரு வரைபடம் கேட்கிறேன். மூன்றாவது அறைக் கதவு மட்டும் எங்கே வரும் என்று புரியவில்லை.

துணைக்கை:
படம் வந்ததும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கட்டுவதற்கு முன்னால் தரையில் அளவாகக் கோடு போட்டு, இரண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள்.