இன்வர்ஷன்கள் எல்லாம் மனப்பாடம்; கற்பனையாக வாசிக்க உட்கார்ந்தால் கை தாவுகிறது

வெள்ளைக்கட்டை எழுதியது:

வணக்கம். பியானோவில் மேஜர், மைனர் கார்ட்களையும் (சேர்ந்து ஒலிக்கும் மூன்று ஸ்வரங்கள்) அவற்றின் இன்வர்ஷன்களையும் (அதே ஸ்வரங்களில் அடியில் வருவதை மாற்றி அடுக்குவது) பாடம் செய்துவிட்டேன். சி மேஜர் என்றால் சி-ஈ-ஜி, ஈ-ஜி-சி, ஜி-சி-ஈ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறி இறங்கவும் கை பழகிவிட்டது.

ஆனால் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, நானாக ஏதாவது வாசிக்கலாம் என்று உட்கார்ந்தால் இவை எதுவும் உதவிக்கு வருவதில்லை. சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்ற நான்கையும் சுற்றிச் சுற்றி வாசிக்கிறேன். ஒவ்வொரு முறை கார்ட் மாறும்போதும் கை முழுவதுமாக எழும்பி வேறோர் இடத்தில், ரூட் பொசிஷனில்தான் (கார்டின் பெயருக்குரிய ஸ்வரமான ரூட் அடியில் வரும் வடிவம்) போய் விழுகிறது. அந்த இடைவெளியில் மெலடி அறுந்துபோகிறது. இடது கையில் கார்ட் பிடித்தால் அடித்தளத்தில் ஒரே இரைச்சல்.

எந்த நேரத்தில் எந்த இன்வர்ஷன் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? இரண்டாம் இன்வர்ஷன் நிலையில்லாதது, அதைத் தொடாதே என்றும் ஒருவர் சொன்னார். அது உண்மையா? கற்பனையாக வாசிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பியானோவையே தொடங்கினேன். வழி சொல்லுங்கள்.

துணைவாசிப்பு எழுதியது:

நான் சேர்ந்திசைக் குழுக்களுக்குத் துணை வாசிப்பவன். பாடுபவர்கள் ஒரு சரணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு வாங்கினால், அந்த இடத்தை அப்போதைக்கு அப்போதே நான் நிரப்பியாக வேண்டும். ஆகவே உங்கள் கேள்வி எனக்கு அன்றாட வேலை. உங்களிடம் சரக்கு இருக்கிறது. அது ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக அடுக்கப்பட்டிருப்பதுதான் சிக்கல். ஒரே கார்டின் மூன்று வடிவங்களில் ஏறி இறங்கப் பழகியிருக்கிறீர்கள். ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்குப் போகும் பாதையைப் பழகவில்லை.

இடது கையை மடியில் வைத்துவிடுங்கள். பெடலில் கால் வைக்க வேண்டாம்; பெடல் இருந்தால் கை தாவும்போது விழும் ஓட்டை காதுக்குத் தெரியாது. வலது கையில் நடு சி-யிலிருந்து சி-ஈ-ஜி பிடியுங்கள். அடுத்தது ஏ மைனர். அதில் உள்ளவை ஏ, சி, ஈ. இவற்றில் சி-யும் ஈ-யும் ஏற்கெனவே உங்கள் விரலடியில் இருக்கின்றன. சுண்டுவிரலை மட்டும் ஜி-யிலிருந்து ஏ-வுக்கு நகர்த்துங்கள். சி-ஈ-ஏ வந்துவிட்டது, இதுவே ஏ மைனரின் முதல் இன்வர்ஷன். அடுத்து எஃப் மேஜர். சி இருக்கிறது, ஏ இருக்கிறது. நடுவிலுள்ள ஈ மட்டும் எஃப்-ஆக வேண்டும். சி-எஃப்-ஏ, அதாவது எஃப் மேஜரின் இரண்டாம் இன்வர்ஷன். பிறகு ஜி மேஜர். இங்கே பொதுவான ஸ்வரம் கிடையாது. மூன்று விரல்களும் கீழே இறங்கி பி-டி-ஜி-யில் அமரும். அங்கிருந்து சி மேஜருக்குத் திரும்ப ஜி அப்படியே நிற்கும், மற்ற இரண்டும் ஒரு படி ஏறும்.

நான்கு கார்ட்களும் ஏழு வெள்ளைக் கட்டை அகலத்துக்குள் முடிந்துவிட்டதைக் கவனியுங்கள். எந்த இன்வர்ஷன் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. பக்கத்தில் எது இருந்ததோ அதுவே வந்தது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: நகராமல் இருக்கக்கூடிய விரலை நகர்த்தாதீர்கள். இன்வர்ஷன் தானாக அமைந்துவிடும்.

விரல் எண்ணும் முக்கியம். வலது கையில் ரூட் பொசிஷனுக்கும் இரண்டாம் இன்வர்ஷனுக்கும் 1-3-5, முதல் இன்வர்ஷனுக்கு 1-2-5. இதை இப்போதே ஒழுங்காகப் பழகுங்கள். பிறகு மெலடிக்காக மோதிரவிரல் தேவைப்படும்போது அது காலியாக இருக்க வேண்டும்.

இனி கற்பனைக்கு வருவோம். இதே சுற்றை ஈ-ஜி-சி-யில் தொடங்கினால் அடுத்தவை ஈ-ஏ-சி, எஃப்-ஏ-சி, டி-ஜி-பி. ஜி-சி-ஈ-யில் தொடங்கினால் ஏ-சி-ஈ, ஏ-சி-எஃப், ஜி-பி-டி. இப்போது கீழே இருக்கும் இரண்டு ஸ்வரங்களை மெதுவாகவும் மேலே இருப்பதைச் சற்று அழுத்தமாகவும் வாசித்து, மேல் ஸ்வரங்களை மட்டும் காதில் வாங்குங்கள். முதல் சுற்றில் ஜி, ஏ, ஏ, ஜி. இரண்டாவதில் சி, சி, சி, பி. மூன்றாவதில் ஈ, ஈ, எஃப், டி. கார்ட்கள் ஒன்றே, ஆனால் மேலே கேட்பவை மூன்று வெவ்வேறு பாட்டுகள். இரண்டாவது கிட்டத்தட்ட அசையாமல் நின்று கடைசியில் மட்டும் இறங்குகிறது. மூன்றாவது எஃப் வரை ஏறிப் பார்த்துவிட்டு டி-யில் முடியாமல் நிற்கிறது. அடுத்து என்ன என்று காது கேட்கிறது. எனக்கு மூன்றாவதுதான் மிகவும் பிடிக்கும். அந்த டி-யிலிருந்து எதையும் தொடங்கலாம்.

அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் நான்கு தட்டு. முதல் தட்டில் கார்ட் முழுவதும் விழட்டும். மீதி மூன்று தட்டுகளிலும் கீழ் இரண்டு விரல்கள் கட்டையை அழுத்தியபடியே இருக்க, மேல் விரல்கள் மட்டும் நடமாடட்டும். சி மேஜரில் ஈ-எஃப்-ஈ-டி. ஏ மைனரில் மறுபடி ஈ-யில் இறங்கி ஈ-டி-ஈ-ஈ. எஃப் மேஜரில் எஃப்-ஜி-எஃப்-ஈ. அந்த ஈ-யிலிருந்து ஜி மேஜரின் டி-க்கு வழுக்கி வந்துவிடலாம். முதல் தட்டில் மேல் விரல் கார்டுக்குரிய ஸ்வரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. நடுவே எந்த வெள்ளைக் கட்டையையும் தொடலாம். இப்படி வாசிப்பதே கற்பனையாக வாசிப்பதுதான். இதற்கு மேல் ஒரு ரகசியம் ஒளிந்திருப்பதாக நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

தாழ்சுருதி எழுதியது:

வலது கையைப் பற்றி நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இடது கை பற்றி நான் சொல்ல வேண்டும். ஒரு கார்ட் எந்த இன்வர்ஷன் என்பதை முடிவு செய்வது, ஒலிக்கும் ஸ்வரங்களில் மிகத் தாழ்ந்தது எதுவோ அது. வலது கை சி-ஈ-ஏ பிடித்திருக்க, இடது கை கீழே ஏ வாசித்தால் கேட்பவருக்கு அது ரூட் பொசிஷன்தான். இதே வலது கைக்கு அடியில் இடது கை சி வாசித்தால் மட்டுமே அது முதல் இன்வர்ஷனாகக் கேட்கும். ஆகவே வலது கையின் இன்வர்ஷன் மெலடியை மாற்றுகிறது; இடது கையின் இன்வர்ஷன் பாட்டின் நடையையே மாற்றுகிறது.

அந்த மூன்று வடிவங்களும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று 1722-இல் தம் இசைக்கோட்பாட்டு நூலில் விரிவாக நிறுவியவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ. ஆனால் விசைப்பலகைக் கலைஞர்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே பேஸ் வரியையும் (மிகத் தாழ்ந்த ஸ்வரங்களின் வரிசை) அதன் மேலோ கீழோ எழுதிய எண்களையும் மட்டும் பார்த்து, மீதியைத் தாமாக நிரப்பி வாசித்தார்கள். ஈ அடியில் இருந்தால் அதிலிருந்து எண்ணிப் பாருங்கள்: ஜி மூன்றாவது, சி ஆறாவது. அதனால் முதல் இன்வர்ஷனுக்கு அடையாளம் 6. ஜி அடியில் இருந்தால் சி நான்காவது, ஈ ஆறாவது. இரண்டாம் இன்வர்ஷனுக்கு 6-4. 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகர இசைப்பள்ளிகளில், பேஸ் ஸ்கேலில் படிப்படியாக ஏறி இறங்கும்போது எந்தப் படிக்கு எந்தக் கார்ட் என்று சிறுவர்களுக்குக் கையில் ஏற்றிவிட்டார்கள். அங்கே கற்பனை வாசிப்புப் பயிற்சியே பேஸிலிருந்துதான் தொடங்கியது.

நீங்களும் அதைச் செய்து பாருங்கள். இடது கையில் ஒற்றை ஸ்வரமாக சி, பி, ஏ, ஜி, எஃப், ஈ, டி, ஜி என்று இறங்குங்கள். வலது கையில் முறையே சி மேஜர், ஜி மேஜர், ஏ மைனர், ஈ மைனர், எஃப் மேஜர், சி மேஜர், டி மைனர், ஜி மேஜர். பி-க்கு மேல் ஜி மேஜர், ஜி-க்கு மேல் ஈ மைனர், ஈ-க்கு மேல் சி மேஜர் வரும் இடங்கள் மூன்றும் முதல் இன்வர்ஷன். இவற்றையே ரூட் பொசிஷனில் வாசித்தால் பேஸ் குதித்துக்கொண்டே இருக்கும். இப்படி வாசித்தால் படியிறங்கும் ஒரு மெலடி கீழேயும் கேட்கும்.

இரண்டாம் இன்வர்ஷனைத் தொடாதே என்பது தவறான அறிவுரை. பேஸுக்கு மேல் நான்காம் ஸ்வரம் நிற்பதால் அது அமைதியடையாமல் ஒலிக்கும் என்பது மெய்தான். அந்த அமைதியின்மைதான் அதன் பயன். ஜி-யை அடியில் வைத்து சி மேஜர் வாசியுங்கள். ஜி-யை அசைக்காமல் சி-யை பி-க்கும் ஈ-யை டி-க்கும் இறக்குங்கள். பிறகு சி மேஜரில் முடியுங்கள். மொசார்ட் காலத்துக் கான்செர்ட்டோக்களில் ஆர்கெஸ்ட்ரா சரியாக இந்த 6-4 கார்டில்தான் நின்றுவிடும். அங்கிருந்து தனிக்கலைஞர் தம் கற்பனையில் கெடென்ஸா என்னும் தனி வாசிப்பை வாசிப்பார். முடிவு வரப்போகிறது, ஆனால் இன்னும் வரவில்லை என்று கேட்பவரை நிறுத்தி வைக்க அதைவிடப் பொருத்தமான கார்ட் இல்லை. அதிலேயே பாட்டை முடித்தால்தான் குறையாகத் தெரியும்.

இடது கை இரைச்சலுக்குக் காரணம் இன்வர்ஷன் அல்ல, உயரம். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-யையும் தாண்டி இறங்கினால், நெருக்கமாகப் பிடித்த மூன்று ஸ்வரங்களின் மேல்சுரங்கள் (ஒவ்வொரு ஸ்வரத்தோடும் மெல்லக் கூடவே ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) ஒன்றோடொன்று மோதிக் கலங்கும். அந்தப் பகுதியில் ஒற்றை ஸ்வரம், ஆக்டேவ், அல்லது சி-ஜி போல ஐந்தாம் ஸ்வரத்தோடு நிறுத்துங்கள். மூன்றும் வேண்டுமென்றால் நடுவிலிருக்கும் ஈ-யைத் தூக்கி ஓர் ஆக்டேவ் மேலே வைத்து சி-ஜி-ஈ என்று விரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள். அதே கார்ட் தெளிவாக ஒலிக்கும்.

நீலச்சுரம் எழுதியது:

ஜாஸ் பக்கத்திலிருந்து ஒரு சிறு சேர்க்கை. செவன்த் கார்டில் நான்கு ஸ்வரங்கள் என்பதால் மூன்றாம் இன்வர்ஷனும் உண்டு. பயந்துவிடாதீர்கள், அருகிலிருப்பதைப் பிடிக்கும் விதி இங்கே இன்னும் அழகாக வேலை செய்கிறது. டி மைனர் செவன்த் டி-எஃப்-ஏ-சி. டி-யையும் எஃப்-ஐயும் அப்படியே வைத்துக்கொண்டு மேல் இரண்டை இறக்கினால் டி-எஃப்-ஜி-பி, அது ஜி செவன்த். இப்போது மேல் இரண்டை அப்படியே வைத்துக்கொண்டு கீழ் இரண்டை இறக்கினால் சி-ஈ-ஜி-பி, சி மேஜர் செவன்த். நன்றாகப் பழகிய பிறகு ரூட்டையே விட்டுவிடும் வழியும் இருக்கிறது. ஜாஸ் பியானோக் கலைஞர் பில் எவன்ஸின் இடது கையைக் கேட்டால் புரியும். அதே மூன்று கார்ட்களும் அப்போது இப்படி ஆகும்: எஃப்-ஏ-சி-ஈ, எஃப்-ஏ-பி-ஈ, ஈ-ஜி-பி-டி. முதல் மாற்றத்தில் ஒரே ஒரு விரல்தான் அசைகிறது.

வெள்ளைக்கட்டை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சி-யில் மூன்று சுற்றுகளும் கைக்கு வந்துவிட்டன. ஜி-சி-ஈ-யில் தொடங்கும் சுற்றை நிறுத்தவே மனம் வரவில்லை. 6-4 கார்டில் நின்று காத்திருப்பது என்ன சுகம்!

இரண்டு சந்தேகங்கள். ஜி மேஜர் ஸ்கேலுக்கு மாற்றினால் மறுபடி எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படிப் பன்னிரண்டு ஸ்கேலுக்கும் எழுதித்தான் ஆக வேண்டுமா? இன்னொன்று, வலது கை விடுதலையாக மெலடி வாசிக்க விரும்பினால் கார்ட் எங்கே போகும்?

துணைவாசிப்பு எழுதியது:

எழுத வேண்டாம், பாடுங்கள். ஸ்கேலின் தொடக்கத்தை ச என்று வைத்துக்கொண்டால் முதல் சுற்று ச-க-ப, ச-க-த, ச-ம-த, நி-ரி-ப. ப ஏறி த ஆகிறது; க ஏறி ம ஆகிறது; பிறகு மூன்றும் இறங்குகின்றன. இதை வாய்விட்டுப் பாடிக்கொண்டே ஜி-யை ச-வாக வைத்து வாசியுங்கள்: ஜி-பி-டி, ஜி-பி-ஈ, ஜி-சி-ஈ, எஃப் ஷார்ப்-ஏ-டி. டி-யை ச-வாக வைத்தாலும் இதே அசைவுதான், கறுப்புக் கட்டைகள் மட்டும் இடம் மாறும். தாளில் எழுதினால் கண் பழகும். பாடினால் காது பழகும். கற்பனையாக வாசிக்கும்போது காதுதான் வழிகாட்டும். மற்ற இரண்டு சுற்றுகளையும் இப்படியே ஸ்வரமாக்கிக்கொள்வதை உங்களிடம் விடுகிறேன்.

இரண்டாவது சந்தேகத்துக்கு: வலது கையில் நீங்கள் கற்ற அதே சுற்றை இடது கைக்கு மாற்றுங்கள். நடு சி-க்குக் கீழே உள்ள ஆக்டேவிலிருந்து நடு சி-யைச் சற்றுத் தாண்டியது வரை வைத்துக்கொண்டால் கலங்காது. விரல்கள் மாறும்: ரூட் பொசிஷனுக்கும் முதல் இன்வர்ஷனுக்கும் 5-3-1, இரண்டாம் இன்வர்ஷனுக்கு 5-2-1. வலது கையில் ஆரம்பத்தில் ஓடி ஆட வேண்டாம். அந்தச் சுற்றின் மேல் ஸ்வரங்களான ஜி, ஏ, ஏ, ஜி-யையே ஓர் ஆக்டேவ் மேலே ஒற்றை விரலில் நீண்ட ஸ்வரமாக வாசியுங்கள். அவற்றுக்கு நடுவே பிறகு ஒவ்வொரு ஸ்வரமாகச் சேருங்கள். ஜி மேஜர் ஸ்கேலில் எஃப் ஷார்ப் வரும் கார்டுக்கு இடது சுண்டுவிரல் கறுப்புக் கட்டையில் விழும்; கையை முழுவதும் சற்று உள்ளே தள்ளிக்கொண்டால் மணிக்கட்டு திருகாது.