எஞ்சின் ஒட்டு: ‘பொறி மாற்றம்’ ஏன் போதாது

வணக்கமுங்க அண்ணா.

நம்ம கார்ச் சொற்பட்டியலில், பழைய வேகக்காரில் இந்தக் காலத்து எஞ்சினைப் பொருத்தும் வேலைக்குப் ‘பொறி மாற்றம்’ என்று எழுதியிருந்தீங்க. ரிங் தேய்ந்த எஞ்சினை இறக்கிவிட்டு அதே மாடலில் இன்னொன்றை ஏற்றினாலும் அது மாற்றம்தானுங்களே. அங்கே போல்ட் துளை, கிளட்ச், ஒயரிங் எல்லாம் பழையபடி உட்கார்ந்துகொள்ளும். பழைய காண்டெசா காரின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு வேறு கம்பெனியின் இன்ஜெக்ஷன் எஞ்சினை வைப்பது அப்படியில்லை. இறக்கி ஏற்றுவது அதில் சின்னப் பங்கு. பாடெல்லாம் இணைப்பில்தான்.

அதனால் ‘எஞ்சின் ஒட்டு’ என்கிறேன். ஒட்டு மாங்கன்றில் வேர்ச்செடி ஒரு ரகம், மேலே கட்டும் குச்சி வேறு ரகம். தோலுக்கடியில் இருக்கும் பச்சையோடு பச்சை படியாவிட்டால் குச்சி காய்ந்துபோகும். இங்கே அந்தப் படிமானம் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வரும் அடாப்டர் பிளேட்டில் இருக்கிறது. அதை ‘ஒட்டுத்தகடு’ எனலாம்.

தகட்டைப் பூட்டியதும் பிளைவீலில் (எஞ்சின் தண்டின் முனையில் சுழலும் கனத்த சக்கரம்) நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜை வைத்து, அதன் தொடுமுனையைப் பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடும் மணி போன்ற கூடு) நடுத்துளை விளிம்பில் படவிட்டு, கிராங்கை, அதாவது எஞ்சின் தண்டை, கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்ற வேண்டும். மொத்த ஆட்டம் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கணும். ஆட்டத்தில் பாதிதான் விலகல் என்பதால், மையம் 0.125 மில்லிமீட்டர் மட்டுமே விலகலாம். மீறினால் கிளட்ச் முழுசாக விடாது, கியர்பாக்ஸின் இன்புட் ஷாப்ட் நுனியைக் கிராங்க் முனையில் தாங்கும் பைலட் பேரிங்கும், கியர்பாக்ஸ் பக்கத்து இன்புட் பேரிங்கும் அரைபடும், கியர் நழுவும். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இது சரியாகாதுங்க. மையத்தைப் பிடிப்பது போல்ட் அல்ல, இரண்டு பாகங்களையும் இடம் பிசகாமல் நிறுத்தும் டவல் பின். அதற்கு ‘மையமுளை’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். லேத் பட்டறையில் ‘சென்டர் அவுட்’ என்பதை ‘மையவிலகல்’ என்று எழுதினால் பட்டறைக்காரருக்கும் புரியும். இன்னொன்று, தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு கியர்பாக்ஸ் பின்னால் போகும். இன்புட் ஷாப்ட்டின் நுனி பைலட் பேரிங்குக்கு எட்டாவிட்டால் நீட்டுப் புஷ் கடைந்து போட வேண்டும்.

‘ஒட்டுப்பொறி’ என்று இன்னொரு நண்பர் சொன்னது வேண்டாமுங்க. உடுமலைப் பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் அது வெள்ளை ஈக்குக் கட்டும் மஞ்சள் அட்டை. கிணற்றடியிலும் ‘ஆயில் எஞ்சின்’ என்றே சொல்லிப் பழகிய ஊர் இது. எஞ்சின் எஞ்சினாகவே இருக்கட்டும்.

*

> அதை ‘ஒட்டுத்தகடு’ எனலாம்

தம்பி, ‘எஞ்சின் ஒட்டு’ எனக்குச் சம்மதமுங்க. ஆனால் எல்லா ஒட்டிலும் தகடு வராது. முதல் தலைமுறை லோட்டஸ் எலீஸ் என்ற வேகக்காரில் ரோவர் 1.8 லிட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு ஹோண்டாவின் கே20 எஞ்சினை வைப்பவர்கள், ஹோண்டாவின் கியர்பாக்ஸையும் சேர்த்தே வைக்கிறார்கள். அங்கே ஒட்டு விழும் இடம், எஞ்சினைத் தாங்கும் மவுண்டும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாப்ட்டும்: உள்முனைப் பற்கள் ஹோண்டாவுக்கு, வெளிமுனை லோட்டஸுக்கு. ஆகவே ‘தகட்டொட்டு’, ‘முழுவொட்டு’ என்று இரண்டாகப் பிரிப்போம்.

விளக்கத்தில் “தயாரிப்பாளர் அந்தக் காருக்கு வைக்காத எஞ்சின்” என்ற வரி கட்டாயம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு பார்ப்பதே, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுகிறதா என்பதைத்தான். கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே போன்ற பந்தய ஓடுதளத்துக்கு மட்டுமான காரையும் சாலைக்கு வரும் காரையும் ஒரே வரியில் எழுதிவிட்டால், படிப்பவர் வண்டியைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்வார்.

பெட்ரோல் பாதையையும் விளக்கத்தில் சேருங்க. கார்புரேட்டருக்கு 0.3 பார் போல அழுத்தம் போதும். இன்ஜெக்ஷனுக்கு ஏறக்குறைய 3 பார் வேண்டும். பம்பு, ஹோஸ், கிளாம்பு மூன்றையும் மாற்றாமல் விட்டால் ஹோஸ் கழன்று சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீச்சும்.

எஞ்சினையும் பாடியையும் மின்சாரத்துக்காக இணைக்கும் எர்த் பட்டைக்கும் ஒரு சொல் தேவை. புது எஞ்சின் ரப்பர் மவுண்டில் நிற்பதால் பாடிக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இருக்காது. பட்டையை மறந்தால் ஸ்டார்ட்டரின் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைக் கருக்கிவிடும். ‘நிலப்பட்டை’ சரிவருமாங்க, இல்லை ‘எர்த் பட்டை’ என்றே வைத்துக்கொள்ளலாமா?