சந்தா கட்டி இறக்கிய பாட்டு, வண்டியில் ஏன் ஒலிப்பதில்லை?

மஞ்சூர்வாசி:
மஞ்சூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஓட்டுபவன் நான். பர்லியாறு வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், என் மகள் ஒரு பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டி, இருநூறு பழைய பாடல்களைக் கைபேசியில் இறக்கித் தந்தாள். வண்டியிலுள்ள ஸ்டீரியோவில் புளூடூத் கிடையாது. பென் டிரைவ் செருகும் துளை மட்டுமே உண்டு. கைபேசியைக் கணினியில் இணைத்துப் பார்த்தால் ஒரு பாட்டின் பெயர்கூடக் கண்ணில் படவில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களுடன் ஏதேதோ துண்டுக் கோப்புகள் கிடந்தன. அவற்றை அப்படியே பென் டிரைவில் போட்டுச் செருகியபோது, ஸ்டீரியோ “நோ ஃபைல்” என்று மட்டும் காட்டியது. காசு வாங்கிக்கொண்டு ‘இறக்கிக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டு, இறக்கியதை நகர்த்தக்கூட விடாமல் பூட்டி வைப்பது நியாயமா?

கோத்தகிரி ஒலிப்பதிவு:
ஐயா, தேயிலைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் இலையைப் பறித்துக்கொள்ளலாம். செடியைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. நீங்கள் கட்டியது குத்தகைப் பணம். நகலெடுக்க விடாத இந்தப் பூட்டு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் நேரில் கண்டவன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் நீலகிரிப் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவை ஒட்டி, படுக மொழியில் எட்டுப் பாடல்களைப் பதிவு செய்து, நண்பர்கள் ஐவர் கைப்பணம் போட்டு ஆயிரம் குறுந்தகடுகள் வெளியிட்டோம். நூற்றுப் பத்துதான் விற்றன. ஆனால் அந்த ஆண்டு நான் போன கல்யாண வீடுகளிலெல்லாம் ஆட்டத்துக்கு ஒலித்தவை எங்கள் பாடல்கள்தாம். வெளியீட்டுக்கு மூன்றாம் நாள் சார்ஜர் வாங்க ஒரு கடைக்குப் போனேன், கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே, “புதுப் படுகப் பாட்டு வந்திருக்கிறது, மெமரி கார்டில் ஏற்றித் தரட்டுமா? முப்பது ரூபாய்தான்” என்றார். மீதித் தகடுகள் இன்றும் என் பரண்மேல் அட்டைப்பெட்டியில் ஈரம் குடித்துக் கிடக்கின்றன.

கூடலூர் கைபேசிக்கடை:
அந்தக் கடைக்காரர் நானில்லை. ஆனால் அதே தொழிலை நானும் ஆறேழு ஆண்டுகள் செய்தவன், மறைக்கவில்லை. அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்: பூட்டு எங்களை ஒருநாளும் தடுத்ததில்லை. 2003-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் என்ற இணையப் பாட்டுக்கடை திறந்தபோது பாடல்கள் பூட்டுடன்தான் விற்கப்பட்டன; ஆனால் வாங்கிய பாட்டைக் குறுந்தகட்டில் எழுதித் திரும்பக் கணினியில் ஏற்றினால் பூட்டு கழன்றுவிடும். 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் சில குறுந்தகடுகள், கணினியில் போட்டவுடன் உரிமையாளருக்குத் தெரியாமல் ஒரு நிரலை ஒளித்து வைத்ததும், அந்த மறைவிடத்தை நச்சுநிரல்கள் பயன்படுத்திக்கொண்டதும், தகடுகளைத் திரும்பப் பெற நேர்ந்ததும் ஊரறிந்த கதை. அங்கே அடிபட்டவர் யார்? கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கியவர். திருட்டு நகல் கேட்டவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. 2007 பிப்ரவரியில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட கடிதத்தில் ஒரு கணக்கு வருகிறது: 2006-இல் பூட்டுடன் இணையத்தில் விற்றவை 200 கோடிப் பாடல்களுக்கும் குறைவு, அதே இசை நிறுவனங்கள் பூட்டே இல்லாமல் குறுந்தகடுகளில் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். முன்வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் பூட்டுப் போட்ட கதைதான். 2007-இலேயே ஐடியூன்ஸிலும் ஒரு பகுதிப் பாடல்களுக்குப் பூட்டை எடுக்கத் தொடங்கி, 2009-இல் மற்றப் பாடல்களுக்கும் எடுத்துவிட்டார்கள்.

கோத்தகிரி ஒலிப்பதிவு:
பூட்டை எடுத்தால் மக்கள் வாங்குவார்கள் என்பதும் கதைதான். ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ‘ஃபிளைட்’ என்ற கடையைத் தொடங்கிப் பூட்டில்லாத எம்பி3 பாடல்களை விற்றது. 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். பூட்டில்லாத கடை ஒன்றரை ஆண்டுகூடத் தாங்கவில்லை, ஐயா.

கூடலூர் கைபேசிக்கடை:
அதே ஃபிளைட்டில் நான் வாங்கிய பாடல்கள், கடை மூடி இத்தனை ஆண்டுகள் கழித்தும் என் கணினியில் ஒலிக்கின்றன. யாஹூ தன் பூட்டுப் பாடல் கடையை 2008-இல் மூடியபோது உரிமம் வழங்கும் சர்வரும் நின்றுபோனது. வாங்கியவர்கள் புதுக் கணினிக்கு மாறினால் பாட்டு ஒலிக்காது என்ற நிலை வந்து, நிறுவனமே ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. கடை மூடுவது வியாபாரம். மூடிய பிறகு என் அலமாரியில் இருப்பதும் ஊமையாக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

குன்னூர் வாசகி:
சட்டம் படிப்பவள் என்பதால் குறுக்கிடுகிறேன். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காக உடைத்தால் அது பொருந்தாது என்றும் அதே பிரிவு விலக்குத் தருகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை 52-ஆம் பிரிவு அனுமதிப்பதால், விலை கொடுத்து முழுதாக வாங்கிய பாட்டை வண்டியில் கேட்பவரைக் குற்றவாளி என்று சொல்லிவிடுவது எளிதன்று. சந்தாவின் கதை வேறு. அதில் நீங்கள் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய நிபந்தனைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஸ்பாட்டிஃபை போன்ற செயலியில் முப்பது நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொடாவிட்டால் இறக்கிய பாட்டு ஒலிக்காது என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. இன்னொன்றையும் கோத்தகிரி அண்ணன் மறந்துவிடக் கூடாது: பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கை உறுதி செய்ததும் அதே 2012 திருத்தம்தான். படைப்பவர் கையில் காசு சேர்வதற்குப் பூட்டு ஒன்றே வழி என்று அந்தச் சட்டமும் நினைக்கவில்லை.

மஞ்சூர்வாசி:
சட்டம் பாதி புரிந்தது, நன்றி அம்மா. ‘இறக்கிக்கொள்’ என்ற பொத்தானில் ‘சந்தா உள்ளவரை, இந்தக் கைபேசியில் மட்டும்’ என்று தமிழில் எழுதியிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். அது போகட்டும். கோத்தகிரி நண்பரே, பரண்மேல் கிடக்கும் அந்த எட்டுப் பாடல்களைப் பூட்டில்லாமல் ஒரு பென் டிரைவில் போட்டு, நூற்றைம்பது ரூபாய்க்குத் தருவீர்களா? எனக்குப் படுகம் முழுதாக வராது. ஆனால் அந்தத் தாளம் மலையிறக்கத்துக்குத் தூக்கம் வரவிடாது.

கோத்தகிரி ஒலிப்பதிவு:
தருகிறேன், ஐயா. செவ்வாய்க்கிழமைகளில் பேருந்து நிலையத்தின் பக்கம்தான் இருப்பேன். கூடலூர் வழியாக எங்கேனும் போனால் மட்டும், பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.