பெரியம்மா லேப்டாப்புக்கு ராம்

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

சனிக்கிழமை

தாத்தா: [படம்] இனிய காலை வணக்கம்

பெரியம்மா: யாராவது எழுந்திருக்கீங்களா? லேப்டாப் மறுபடியும் படுத்துருச்சு

பெரியம்மா: நேத்து ஆன்லைன் டியூஷன்ல பசங்க வாய் அசையுது, சத்தம் அப்புறமா வருது. கணக்குத்தாள் பிடிஎஃப் ஒன்னு திறந்தேன், மொத்தமா நின்னுபோச்சு. டீச்சர் உறைஞ்சுட்டாங்கன்னு ஒரு வாண்டு சிரிக்குது

அண்ணன்: ராம் பத்தலைம்மா, வேலை நடக்கறப்ப எல்லாத்தையும் தற்காலிகமா வெச்சுக்கற மெமரி அது. 4 ஜிபிய வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவ. 8 ஜிபி பார்த்துட்டேன், டிடிஆர்4 தலைமுறை, வேகம் 3200, இதோ ஆர்டர் போடறேன்

சித்தப்பா: டேய் நிறுத்து

சித்தப்பா: போட்டுட்டியா?

அண்ணன்: பணம் கட்டற பக்கத்துல இருக்கேன்

சித்தப்பா: மூடு அதை. அண்ணி, அந்த லேப்டாப் எந்த வருஷம் வாங்கினது?

பெரியம்மா: நீங்கதானே தம்பி கூட வந்து வாங்கிக் கொடுத்தீங்க. 2014

சித்தப்பா: ம். டிடிஆர்4 சந்தைக்கு வந்ததே 2014லதான். அதுவும் சர்வருக்கும் பெரிய டெஸ்க்டாப்புக்கும். அண்ணியோடது டிடிஆர்3ஆத்தான் இருக்கும்

அண்ணன்: புதுசு போட்டா பழைய வேகத்துல ஓடும், அவ்ளோதானே சித்தப்பா

சித்தப்பா: ஓடறது இருக்கட்டும், சொருகவே முடியாது. லேப்டாப் டிடிஆர்3க்கு 204 பின், அதான் அந்தத் தங்கப் பல்லு, டிடிஆர்4க்கு 260. கீழ ஒரு வெட்டு இருக்கும் பாரு, அதுவும் இடம் மாறியிருக்கும். வேற தலைமுறைய யாரும் தப்பா போட்டுடக் கூடாதுன்னே அப்படி வெச்சிருக்கான்

சித்தி: யாரு சொல்றாங்க பாருங்க. என் லேப்டாப்புக்கு டெஸ்க்டாப் ராம் வாங்கிட்டு வந்தவர்

சித்தப்பா: இப்ப அதை எதுக்கு

சித்தி: அது 13 சென்டிமீட்டர் நீளம். லேப்டாப்ல அதுக்கு 7 சென்டிமீட்டர்கூட இடமில்ல. திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. ரொம்ப நாள் புத்தகத்துல அடையாளத்துக்கு வெச்சிருந்தேன்

தாத்தா: 😂

நான்: நான் இப்ப பெரியம்மா வீட்லதான் இருக்கேன். என்ன பார்க்கணும் சொல்லுங்க சித்தப்பா

சித்தப்பா: நல்லதாப் போச்சு. மூடியைத் தொடறதுக்கு முன்னாடி, கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ்ல மெமரின்னு இருக்கும். அதை அப்படியே படம் எடுத்துப் போடு

நான்: [படம்]

நான்: வேகம் 1600. ராம் சொருகற ஸ்லாட் 2ல 1 யூஸ் ஆகுது. 3.4ல 3.1 ஜிபி நிரம்பியிருக்கு. ஹார்டுவேர் ரிசர்வ்டு 604 எம்பின்னு ஒன்னு போட்டிருக்கு

அண்ணன்: அந்த 604 எங்க போச்சு?

சித்தப்பா: தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின். அது எடுத்துக்கும், விடு. ஒரு ஸ்லாட் காலியா இருக்கே, அதுதான் பெரிய விஷயம். நிறைய லேப்டாப்ல ராமை போர்டோட பத்த வெச்சே அனுப்பிடறான், கழட்டவும் முடியாது, சேர்க்கவும் முடியாது

தாத்தா: 604 கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதே

சித்தப்பா: அப்பா, அது அப்படித்தான் இருக்கும். நான் பார்த்துக்கறேன்

பெரியம்மா: ஹார்ட் டிஸ்க் மாத்தணுமா தம்பி? அதுதான் மெதுவா இருக்கும்னு யாரோ சொன்னாங்க

அண்ணன்: அதை நான் ஏற்கெனவே வேகமான எஸ்எஸ்டியா மாத்திட்டேன்மா. மறந்துட்டியா

சித்தப்பா: சரி, இப்ப கழட்டலாம். முழுசா ஷட் டவுன் பண்ணு, ஸ்லீப் கூடாது. சார்ஜரைப் பிடுங்கு, பேட்டரிய வெளியில எடு. அப்புறம் பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அமுக்கிப் பிடி, உள்ள மிச்சம் இருக்கற கரன்ட் போயிடும். ஏதாவது இரும்புப் பொருளைத் தொட்டுட்டு அப்புறம் கை வை

நான்: [படம்] ஒரே ஒரு ஸ்க்ரூ. மூடி வந்துருச்சு. உள்ள ஒரு வண்டி தூசி

பெரியம்மா: அதைப் படம் எடுத்துப் போடணுமா

நான்: [படம்] ராம்ல ஸ்டிக்கர் இருக்கு. பாதி அழிஞ்சிருக்கு. 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்-11

சித்தப்பா: இது போதும். ஜாதகமே கிடைச்சிருச்சு. இனி லேப்டாப் மாடல் நம்பர்கூட வேண்டாம்

சித்தப்பா: பிசி3ன்னா டிடிஆர்3. 12800ங்கறது வேகம், 1600ஐ 8ஆல பெருக்கினா வரும். ஒரு கடைக்காரர் 1600ன்னு போடுவார், இன்னொருத்தர் 12800ன்னு போடுவார், ரெண்டும் ஒன்னுதான். கடைசில எஸ் இருக்கே, அது லேப்டாப் சைஸ். அங்க யூ இருந்தா டெஸ்க்டாப்

சித்தி: அந்த யூவை எனக்கு நல்லாத் தெரியும்

சித்தப்பா: 🙏

சித்தப்பா: இப்ப எல்லாரும் அந்த 3க்குப் பக்கத்துல இருக்கற 'எல்'ங்கற எழுத்தைப் பாருங்க. அதுதான் ஆளைக் கவுக்கற எழுத்து. சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்ல ஓடும். எல் போட்டது 1.35லயே ஓடும். அண்ணியோடது இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், லேப்டாப்ல அந்தத் தலைமுறை 1.35தான் கேட்கும். எல் இல்லாததை வாங்கினா அளவு சரியா உட்காரும், பின் சரியா இருக்கும், மெஷின் மட்டும் எழுந்திருக்காது

அண்ணன்: அப்ப எல் போட்டதைப் பழைய 1.5 வோல்ட் மெஷின்ல போட்டா?

சித்தப்பா: பெரும்பாலும் ஓடும், அதுக்கு ரெண்டு வோல்ட்டும் தாங்கும். சந்தேகம் வந்தா எல் உள்ளதையே வாங்கு

அண்ணன்: சரி, 16 ஜிபி ஒரே குச்சியா வாங்கிடவா? ஒரே தடவையில வேலை முடிஞ்சிரும்

சித்தப்பா: இந்தத் தலைமுறை ஒரு ஸ்லாட்டுக்கு 8க்கு மேல எடுக்காது. ரெண்டும் சேர்த்து 16. அண்ணிக்கு அவ்வளவு எதுக்கு? இருக்கற 4 இருக்கட்டும், பக்கத்துல ஒரு 8 போடு. 12 ஆச்சு

நான்: ரெண்டும் ஒரே அளவா இருக்க வேண்டாமா?

சித்தப்பா: ஒரே அளவா இருந்தா முழுசும் ரெட்டை வழியில, அதாவது ரெண்டு குச்சிலயும் ஒரே நேரத்துல, போகும். இங்க 4க்கு 4 ஜோடி சேர்ந்து 8 ஜிபி வரைக்கும் அப்படிப் போகும், மிச்சம் 4 ஒத்தை வழி. டியூஷனுக்கு அதுல வித்தியாசம் தெரியாது. வேகம் வேற வேறயா இருந்தா மட்டும் மெதுவா இருக்கறதோட வேகத்துக்கு எல்லாம் இறங்கிடும்

அண்ணன்: [ஸ்கிரீன்ஷாட்] இது பாதி விலைக்குப் போகுது. பிசி3எல்-12800ஆர்

சித்தப்பா: கடைசி எழுத்தைப் படி

அண்ணன்: ஆர்

சித்தப்பா: சர்வர்ல கழட்டினது. சாதாரண மெஷின் எடுக்காது. அதான் பாதி விலை. டெஸ்க்டாப்புக்குத் தேடறப்ப இன்னொரு கூத்து உண்டு, ஏஎம்டி ப்ராசஸர் போர்டுக்கு மட்டும்னு பொடி எழுத்துல போட்டு விப்பான். இன்டெல் போர்டுல அது வேலைக்காகாது

அண்ணன்: இந்த இம்மாத்துண்டு ஸ்டிக்கர்ல இவ்வளவு இருக்கா

சித்தப்பா: பழைய ராம் வாங்கறதுல தப்பில்ல, சும்மா சும்மா தேயற பொருள் இல்ல அது. ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. ஓடலைன்னா திருப்பி எடுத்துக்கற ஆள்கிட்ட வாங்கு. படம் அனுப்ப மாட்டேன்னா வேற ஆளைப் பாரு

புதன்கிழமை

நான்: [படம்] வந்துருச்சு. 8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ். எல் இருக்கு, எஸ் இருக்கு

சித்தப்பா: சபாஷ். வெட்டை ஸ்லாட்ல இருக்கற மேட்டோட பொருத்து. சாய்வா, தங்கப் பல்லு கிட்டத்தட்ட மறையற வரைக்கும் உள்ள தள்ளு. அப்புறம் கீழ அமுக்கு, ரெண்டு பக்கமும் கிளிப் டக்குனு பிடிக்கும்

நான்: பிடிச்சிருச்சு. ஆன் பண்றேன்

நான்: விசிறி சுத்துது. ஸ்கிரீன் கருப்பு

பெரியம்மா: ஐயோ இருந்ததும் போச்சா

அண்ணன்: போச்சு

சித்தப்பா: ஒன்னும் போகலை, பதறாதீங்க. ஆஃப் பண்ணு, பேட்டரிய எடு. புதுசைக் கழட்டிப் பார். பல்லு எவ்வளவு வெளிய தெரிஞ்சுது?

நான்: ஒரு நூல் அளவு. ஒரு பக்கம் மட்டும்

சித்தப்பா: அதான் விஷயம். கோணலா உட்கார்ந்திருக்கு. கிளிப் பிடிச்சுட்டா சரியாயிருச்சுன்னு நினைச்சுக்குவோம். வெள்ளை ரப்பர் இருக்கா? பென்சிலை அழிக்கறது. பல்லு மேல மெதுவாத் தேய், துகளைத் துடைச்சுட்டு மறுபடியும் போடு. இந்தத் தடவை ரெண்டு பெருவிரலாலயும் சமமாத் தள்ளு

நான்: வந்துருச்சு!! விண்டோஸ் வருது

பெரியம்மா: கடவுளே. நல்லா இரு கண்ணு

தாத்தா: 👏👏

சித்தப்பா: சிஸ்டம் பக்கத்தைத் திறந்து எவ்வளவு காட்டுதுன்னு சொல்லு

நான்: 12.0 ஜிபி

நான்: பக்கத்துல பிராக்கெட்ல 3.41 ஜிபி யூஸபிள்னு இருக்கு

அண்ணன்: என்னது

சித்தப்பா: சரியாப் பார்த்தியா?

நான்: [படம்]

சித்தப்பா: …

சித்தப்பா: அதுக்குக் கீழ சிஸ்டம் டைப்னு இருக்கும். என்ன எழுதியிருக்கு?

நான்: 32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசஸர்

சித்தப்பா: அடச்சே

பெரியம்மா: என்ன தம்பி, ராம் கெட்டுப்போச்சா?

சித்தப்பா: ராம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. விண்டோஸ் 32-பிட். ராம்ல ஒவ்வொரு இடத்துக்கும் அது போடற முகவரிக்கு 0, 1னு 32 இலக்கம்தான். அதால 4 ஜிபிக்கு மேல எண்ணவே முடியாது. அந்த 4லயும் கொஞ்சம் மத்த பாகங்களோட முகவரிக்குப் போயிடும். நீங்க 12 போட்டாலும் அது 3.4தான் பார்க்கும். ப்ராசஸர் 64-பிட், குறை அதுமேல இல்ல

தாத்தா: 2ஐ 32 தடவை பெருக்கினா 429 கோடி சொச்சம் வருது. அதுதான் 4 ஜிபியா?

சித்தப்பா: ஆமாப்பா

தாத்தா: அப்ப அன்னைக்கு அந்த 604?

சித்தப்பா: அதான் இது. கிராபிக்ஸ்னு நினைச்சு விட்டுட்டேன். கிராபிக்ஸ் எடுத்திருந்தா அவ்வளவு போயிருக்காது. அன்னைக்கே சிஸ்டம் டைப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கணும், என் தப்பு

சித்தி: ஒரே ஒரு கேள்வி. அந்த விண்டோஸை யார் போட்டது?

பெரியம்மா: தம்பிதான். வாங்கி ஒரு வருஷத்துல வைரஸ் வந்துச்சே, அப்ப கையில ஒரு பழைய சிடி இருக்குன்னு எடுத்துட்டு வந்தார்

சித்தப்பா: அன்னைக்கு 4 ஜிபிதானே இருந்துச்சு

அண்ணன்: 😂😂😂

நான்: இப்ப அப்டேட் மாதிரி மேலேயே 64 போட முடியாதா?

சித்தப்பா: முடியாது. 32ல இருந்து 64க்குத் தாவ வழி கிடையாது, துடைச்சுட்டு முதல்ல இருந்து போடணும். விண்டோஸ் 11க்கு இந்த ப்ராசஸரை அதிகாரபூர்வமா ஏத்துக்க மாட்டான். 10க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னுபோச்சு. எப்படியும் துடைக்கத்தானே போறோம், விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுடலாம். டியூஷன் வீடியோ ப்ரவுசர்லயே ஓடும், பிடிஎஃப் திறக்கும். அண்ணிக்கு வேற என்ன வேணும்?

பெரியம்மா: எனக்கு எல்லாம் இருந்த இடத்துல இருக்கணும்

சித்தப்பா: ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். பாப்பா, இன்னைக்கு ராத்திரி ஒரு பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்னு ராமைச் சோதிக்கற புரோகிராமைப் போட்டு ஓட விட்டுடு. காலையில எரர் 0ன்னு இருந்தா ராமைப் பத்தின கவலை முடிஞ்சுது. அண்ணி, அதுக்குள்ள உங்க ஃபைலை எல்லாம் வெளிய எடுத்து வெச்சிருங்க

அண்ணன்: எவ்வளவும்மா இருக்கும்?

பெரியம்மா: கொஞ்சம்தான்

நான்: [படம்] இதுதான் அந்தக் கொஞ்சம். டெஸ்க்டாப்ல வால்பேப்பர் எந்தப் படம்னே தெரியலை

தாத்தா: ஞாயித்துக்கிழமை வர்றப்ப அந்த சிடியை எடுத்துட்டு வந்துடாதே